பயோஃபிலிம்: படலமா, ஏடா, பாசியா?

தொடக்க மடல்
குழுமத்தாருக்கு வணக்கம். ஆய்வுக்கூடப் பட்டய மாணவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பரப்பில் ஒட்டிக்கொண்டு பசைக்குள் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்ப் பூச்சான பயோஃபிலிமுக்குச் சொல் வேண்டும். சொல் வரும் இடம் இது: சிறுநீரிலிருந்து பிரித்த ஈ.கோலை பாக்டீரியாவை 96 குழித் தட்டில் 37 பாகையில் 24 மணிநேரம் வைத்து, நீர்மத்தைக் கவிழ்த்து, மும்முறை அலசி, 0.1 விழுக்காடு கிரிஸ்டல் வயலட் சாயம் விட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அலசினால், குழிச்சுவரில் ஊதா வளையம் நிற்கும். முதல் அலசலில் கைவேகம் கூடினால் அதுவும் பெயர்ந்துவிடும். அந்த வளையமாகத் தெரிவதற்கு என்ன பெயர்?

மறுமொழி 1
ஏடு. பாலேடு தெரியாத வீடு உண்டா? படலம் வடசொல், கண்ணில் விழுவதும் படலம், கம்பனில் வருவதும் படலம். பூவிதழும் ஏடு, பனையோலையும் ஏடு. எல்லாம் மெல்லிய பரப்பே. நுண்ணுயிரேடு என்போம்.

மறுமொழி 2
பாலேடு மிதப்பது ஐயா. அசையாத வளர்ப்புக் குழாயின் மேற்பரப்பில் மிதக்கும் பாக்டீரியாத் தோலான பெல்லிக்கிளுக்குத்தான் ஏடு பொருந்தும். இதுவோ ஒட்டிக்கிடப்பது. சிறுநீர் வடிக்கும் குழாயான கதீட்டருக்குள் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள்: அதன் யூரியேஸ் நொதி சிறுநீரின் யூரியாவைப் பிளக்க, அம்மோனியாவால் காரம் ஏறி, ஸ்ட்ருவைட், அபடைட் படிகங்கள் பாக்டீரியாவைச் சூழ்ந்த பசையான வழும்பிலேயே இறுகிக் குழாய் அடைத்துப்போகிறது. குறுந்தொகை 399-இல் கேணிப் பாசி, கை தொட்ட இடத்தில் விலகி விட்ட இடத்தில் பரவும். மருந்தை நிறுத்தியதும் திரும்பும் தொற்றும் அப்படித்தானே? பாசி என்றே சொல்லலாம்.

மறுமொழி 3
பாசி என்றால் மாணவர் மனத்தில் ஆல்காதான் வரும். உயிர்ப்படலமே புரியும். அதைவிட, கையேட்டில் மருந்துக்கு மடியாத எல்லாவற்றுக்கும் 'எதிர்ப்பு' என்று போட்டிருப்பது தவறு. மருந்தைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியின் மரபணு பெற்ற பாக்டீரியா தனித்து மிதந்தாலும் ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை எதிர்க்கும். படலத்தின் அடியில் கிடப்பது வேறு கதை. உணவும் ஆக்சிஜனும் குறைந்து வளர்ச்சி மந்தமாகிறது. செல்சுவர் கட்டும் வேளையில் கொல்லும் ஆம்பிசிலினுக்கு அங்கே வேலை குறைவு. அதே செல்லைக் கலைத்துப் புதிய ஊடகத்தில் விட்டால் பழையபடி மடியும். இதைத் தாக்குப்பிடிப்பு என்று பிரித்தெழுதுங்கள் அம்மா. மருந்துக்கு மடியும் என்று அறிக்கை வந்தும் கதீட்டர் போட்டவருக்குத் தொற்று ஏன் தீரவில்லை, குழாயை ஏன் மாற்றவேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

தொடக்க மடலாளர்
மாணவருக்குப் புரியும் என்பதால் உயிர்ப்படலம் என்றே இடுகிறேன். பசைப்பொருளுக்கு வழும்பு, பெல்லிக்கிளுக்கு ஏடு. எதிர்ப்பு, தாக்குப்பிடிப்பு இரண்டையும் பிரித்துவிட்டேன். பாசி அடிக்குறிப்பில்.

மறுமொழி 4
உடன்படவில்லை. ஏடு மிதக்கவேண்டும் என்று எந்த நிகண்டு சொன்னது? பனையேடு எந்தப் பாலில் மிதக்கிறது?