சொந்த விவகாரத்துக்காக ஒருத்தர வேலைய விட்டு அனுப்புனத பார்த்திருக்கீங்களா? பேரு வேணாம், ஊர மட்டும் போட்டு நடந்தத எழுதுங்க

செந்தூல்:

இத எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன், கை வரல. மலேசியால, கோலாலம்பூர்ல, சரக்கு ஏத்தி இறக்கி கஸ்டம்ஸ் வேலை பார்க்குற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனில எச்.ஆர்.ல 11 வருஷம் இருந்தேன். நம்ம ஆளுங்க நடத்துற கம்பெனி, மொத்தமே 60 பேருதான், தீபாவளிக்கு எல்லாரும் போஸ், அதான் முதலாளி, அவரு வீட்டுக்குப் போய் சாப்பிடுவோம், அந்த மாதிரி. அங்க ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கும் டாக்குமெண்ட் பார்க்குற ஒரு பொண்ணுக்கும் பழக்கம் ஆயிருச்சு. அவருக்கு கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க, அந்தப் பொண்ணுக்கு 26 வயசு, கல்யாணம் ஆகல. ஒரு நாள் அவரோட வீட்டுக்காரம்மா வாட்சப் மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நேரா போஸுக்கு அனுப்பிட்டாங்க.

போஸ் என்னைய கூப்பிட்டு கதவ சாத்தினாரு. "அந்தப் பொண்ண அனுப்பிடும்மா, இது குடும்பமா நடத்துற இடம்"னாரு. அப்ப அவரு, மேனேஜரு? "அவன் போனான்னா மூணு கஸ்டமர் அவன் பின்னாலயே போயிருவாங்க"ன்னாரு. அவ்வளவுதான் விசாரணை. விளக்கம் கேட்டு குடுக்குற ஷோ காஸ் லெட்டர் இல்ல, கம்பெனிக்குள்ள நடத்துற டொமெஸ்டிக் இன்குவைரி இல்ல, ரெண்டு பேருகிட்டயும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

மறுநாள் காலைல பசியாறிட்டு வந்த பொண்ண மீட்டிங் ரூமுக்கு கூப்பிட்டேன். ரிசைன் லெட்டர நானே டைப் பண்ணி வச்சிருந்தேன், தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. "டெர்மினேஷன்னு போட்டா அடுத்த இடத்துல கேப்பாங்கம்மா, ஒனக்குத்தான் கெட்ட பேரு, நீயே போயிட்டதா இருக்கட்டும்"னு சொன்னேன். அப்ப நான் அவளுக்கு நல்லது செய்றதாத்தான் நிஜமா நம்புனேன். அவ லெட்டர படிச்சுட்டு, "அக்கா, என் வேலைல ஏதாச்சும் தப்பு இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டா. இல்ல. இறக்குமதி சரக்குக்கு அவ போட்ட கே1 ஃபார்ம் ஒண்ணு கூட கஸ்டம்ஸ்ல இருந்து திரும்பி வந்தது கிடையாது. "அது இல்லம்மா"ன்னேன், அதுக்கு மேல எனக்கு வாய் வரல. கையெழுத்து போட்டுட்டு மேசைல இருந்த காப்பி மக்க மட்டும் எடுத்துக்கிட்டு போயிட்டா.

நான் அவகிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. 1967 தொழில் உறவுச் சட்டம் செக்‌ஷன் 20 படி, நியாயமான காரணம் இல்லாம வேலைய விட்டு அனுப்புனா 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகால போய் மனு குடுக்கலாம், காசு கட்ட வேணாம். வற்புறுத்தி ரிசைன் பண்ண வச்சாலும், அத நிரூபிச்சா டிஸ்மிஸலாத்தான் எடுத்துக்குவாங்க. அங்க பேசித் தீரலேன்னா மக்கமா பெருசாஹான், அதான் தொழில் நீதிமன்றம், 24 மாசம் வரைக்கும் பழைய சம்பளம் குடுக்கச் சொல்லலாம். கம்பெனி கேஸுக்காக நானே அந்த நீதிமன்றம் இருந்த ஜாலான் துன் ரசாக் விஸ்மா பெர்கேசோ கட்டடத்துக்கு ஃபைல தூக்கிட்டு அலைஞ்சவ, எனக்கு இது தெரியாதா? தெரியும். வாய தொறக்கல. ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு இருந்தேன், 61ஆவது நாள் அப்பாடான்னு இருந்துச்சு. அந்த நிம்மதிய நினைச்சாத்தான் இன்னிக்கும் வயித்த கலக்குது.

மேனேஜருக்கு அந்த வருஷம் போனஸ் வந்துச்சு, லெட்டர் நான்தான் பிரிண்ட் எடுத்தேன்.

என் மனசுல இருக்குறது இதுதான். அவ லீவு ஃபார்ம்ல, இன்கிரிமெண்ட்ல அவரு கையெழுத்து போட்டாரா, கிளெய்ம் பாஸ் பண்ணாரான்னு கம்பெனி கேக்கலாம், கேக்கணும். ஒருத்தர வேற டிபார்ட்மெண்டுக்கு மாத்தலாம். வேலைல வந்து படாத மிச்சத்த கேக்க வேண்டியது அவரோட மனைவி, போஸ் இல்ல. அப்படியே தண்டிச்சுத்தான் ஆகணும்னா ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனை குடுத்திருக்கணும்.

பட்டர்வொர்த்:

அக்கா, நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். நான் பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி, 19 வருஷம், யூனியன் கமிட்டிலயும் இருந்தேன். எங்க கேஸு கொஞ்சம் வேற. ஒரு லைன் லீடரும் அவரு லைன்லயே வேலை செஞ்ச பொண்ணும். பப்ளிக் ஹாலிடேல ஓ.டி., ஓவர்டைம் வேலை, வந்தா மொத பேரு அந்தப் பொண்ணோடதுதான், அக்கரைல பிறை ஊர்ல இருந்து காலைல நாலரைக்கே எந்திரிச்சு ஃபேக்டரி பஸ் ஏறி பாலம் தாண்டி வர்ற அம்மாங்க, வாடகை கட்ட ஓ.டி.ய நம்பி இருக்குறவங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவங்கதான் எங்ககிட்ட வந்து அழுதாங்க.

மேனேஜ்மெண்ட் குடுத்த ஷோ காஸ்ல 'ஒழுக்கக் கேடு'ன்னு போட்டிருந்தாங்க. அந்த வார்த்தைய எடுங்க, யாருக்கு ஓ.டி.ன்னு எழுதுற ரோஸ்டர முன்னாடி வைங்க, அதான் குத்தம்னு நான் சண்டை போட்டேன். இன்னொண்ணும் கேட்டோம்: அந்தப் பொண்ண ஒரு பொம்பள ஆபீசர் தனியா உக்கார வச்சு, ஒனக்கு விருப்பம் இருந்துச்சா இல்ல மாட்டேன்னு சொல்ல பயமான்னு கேக்கட்டும்னு. ஏன்னா ரோஸ்டர் எழுதுற கைக்கு மாட்டேன்னு சொல்றது லேசு இல்ல, அவ பயந்துதான் இருந்தான்னா அது கள்ளக்காதலே இல்ல, செக்‌ஷுவல் ஹராஸ்மெண்ட், கேஸே வேற. அவ விருப்பம்னுதான் சொன்னா.

கடைசில அவர லீடர் வேலைல இருந்து இறக்கி வேற ஷிஃப்டுக்கு மாத்துனாங்க. 1955 வேலை வாய்ப்புச் சட்டம் செக்‌ஷன் 14லயே விசாரணைக்கு அப்புறம் டிஸ்மிஸ்தான்னு இல்ல, பதவி இறக்கலாம், அதவிட சின்ன தண்டனையும் குடுக்கலாம்னு இருக்கு, நிறைய பேரு அந்த வரி வரைக்கும் படிக்கிறதே இல்ல. பொண்ணு மேல நடவடிக்கை வேணாம்னு சொன்னேன், ரோஸ்டர அவ எழுதல. இதுக்காக லைன்ல ரெண்டு மூணு அம்மாங்க இன்னிக்கும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறது இல்ல. அவங்க கோவமும் எனக்குப் புரியுது.

கெப்போங்:

நான் அந்த ஸ்க்ரீன்ஷாட் அனுப்புன மனைவி இடத்துல இருந்தவ. அக்கா சொன்ன கம்பெனி இல்ல, வேற இடம், ஆனா செஞ்சது அதேதான். நான் பிரிண்டே எடுத்துக்கிட்டு என் வீட்டுக்காரரு ஆபீஸ் கவுண்டர்ல போய் நின்னேன். ஒரு வாரத்துல அவர அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பல மாசத்துக்கு அப்புறம் நல்லா தூங்குனேன், பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் சொந்த விஷயம்னு சொல்றீங்க, எனக்கு அது முழுசா ஒத்துக்க முடியல. என்கிட்ட சொன்ன பொய் எல்லாம் ஆபீஸ் பேர வச்சு சொன்னதுதான், ஓ.டி., அவுட்ஸ்டேஷன், கஸ்டமர் டின்னர். அங்க போய் நின்னது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல.

ஆனா பின்னாடி ஒண்ணு தெரிய வந்துச்சு. அதே மாசத்துல அந்தக் கம்பெனில ஆள் குறைக்கிறோம்னு நாலு பேர அனுப்பியிருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவங்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கணக்கு, அவங்க நாலு பேரும் வாங்கிட்டாங்க. இவரு ஒம்பது வருஷம், மாச சம்பளம் 3,600 ரிங்கிட், இவருக்கு மட்டும் என் பேப்பர காட்டி ஒழுக்கக் கேடுன்னு சொல்லி ஒரு காசு குடுக்கல. இவரு இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவே இல்ல. நான் அழுதுக்கிட்டே குடுத்த பேப்பர் அவங்களுக்கு ஒரு செலவ மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு, அதான் தாங்கல. மகளுக்கு எஸ்.பி.எம். வருஷம், ஸ்கூல் கடைசி பரீட்சை. டிவோர்ஸுக்கு போனப்ப ஜீவனாம்சம் கேக்க வக்கீல் மொதல்ல கேட்டது, அவருக்கு இப்ப சம்பளம் எவ்வளவும்மான்னு. என்ன சொல்றது நான்?

பட்டர்வொர்த்:

தங்கச்சி, நீங்க போய் நின்னத நான் தப்புன்னு சொல்லல. அந்த 60 நாள் தாண்டலேன்னா அவர மனு போடச் சொல்லுங்க, அவருக்காக இல்ல, பிள்ளைங்களுக்காக.

கெப்போங்:

தாண்டிருச்சுண்ணே. அக்கா, அந்தப் பொண்ணு இப்ப எங்க?

செந்தூல்:

தெரியலம்மா. ஷா ஆலம் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல டெம்பரரியா இருந்தான்னு யாரோ சொன்னாங்க. அவ நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. நானும் அந்தக் கம்பெனிய விட்டு வந்துட்டேன், ஆனா அவ வேலை எப்படின்னு எழுதிக் குடுக்க எனக்கு எவரும் பெர்மிஷன் குடுக்க வேணாம். கேட்டு வந்தா குடுக்கலாம்னு இவ்வளவு நாளா இருந்தேன், அவ எப்படி என்கிட்ட கேப்பா. இன்னிக்கு ராத்திரி நானே மெசேஜ் போடுறேன், 60 நாள் விஷயத்தையும் சேர்த்து சொல்லிடுறேன், திட்டுனா திட்டட்டும்.