கஞ்சாக் கடை திறந்தாச்சு, துப்பாக்கி ஏன் இன்னும் ஓயலை? (பால்டிமோர்)

முகிலன்:
வேலை மாற்றலாகி பால்டிமோர் வருகிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், "போதைத் தடைச் சட்டம்தான் இந்தக் கொலைகளுக்கெல்லாம் காரணம். 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கை எடுத்த மாதிரி இதையும் எடுத்தால் சுடுவது நின்றுவிடும்" என்கிறார். பால்டிமோர் இருக்கிற மேரிலாந்து மாநிலத்தில் 2023 ஜூலையிலிருந்து கஞ்சா சட்டப்படியே விற்கிறார்களே, அப்புறமும் ஏன் சுடுகிறார்கள்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

நைட்ஷிஃப்ட்:
நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ராத்திரி வேலை பார்க்கிறவன். கீழேயிருந்து "ஓ நெகட்டிவ் அனுப்பு" (அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றக்கூடிய ரத்தம்) என்று போன் வந்தாலே குண்டடி கேஸோ என்றுதான் முதலில் தோன்றும்.

உங்கள் நண்பர் பாதி சரி. ஹெராயின் போட்டவன் நின்றபடியே தூங்கி வழிவான், அவன் எங்கே சுடப்போகிறான்? சுடுவது விற்கிற இடத்துத் தகராறில். கஞ்சாவுக்குத்தான் கடை வந்தது, ஹெராயினும் கொக்கெய்னும் இன்னும் தடையில்தானே. சரக்குக்குப் பணம் வரவில்லை என்றால் நாம் கேஸ் போடுவோம். தெருமுனையில் விற்கிறவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? போலீஸிடம் போகலாம் என்றால், துப்பாக்கிகளைப் பிடிக்க இந்த ஊர் போலீஸ் வைத்திருந்த தனிப்படையே போதை விற்பவர்களிடம் வழிப்பறி செய்து 2017-ல் மத்திய அரசிடம் மாட்டியது. புகார் சொன்ன அக்கம்பக்கத்தாருக்கும் பாதுகாப்பில்லை. 2002-ல் கிழக்குப் பகுதியில் அப்படிப் புகார் சொன்ன ஒரு குடும்பத்தை, ஐந்து குழந்தைகளோடு, வீட்டுக்குத் தீ வைத்துக் கொன்றார்கள்.

தடையை எடுத்தால் சுடுவது நின்றுவிடும் என்கிற மீதிப் பாதியில்தான் அவர் சறுக்குகிறார். 1986 சட்டப்படி 5 கிராம் கிராக்குக்கும் (புகைக்கிற கொக்கெய்ன் கட்டி) 500 கிராம் கொக்கெய்ன் பவுடருக்கும் ஒரே தண்டனை, குறைந்தது ஐந்து வருஷம்; 2010 வரை அப்படித்தான் இருந்தது. விற்ற பெரியவர்கள் ஜெயிலுக்குப் போக, அந்த இடத்துக்குப் பொடியன்கள் வந்தார்கள், கையில் துப்பாக்கியோடு. அதைப் பார்த்துப் பயந்து, வியாபாரத்தில் இல்லாத பையன்களும் துப்பாக்கி வாங்கினார்கள். குற்றவியல் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் பிளம்ஸ்டீன் 90-களிலேயே இதை எழுதிவிட்டார். வியாபாரம் படுத்தாலும் வாங்கின துப்பாக்கியை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

2020 மார்ச்சில் இங்கே அப்போதிருந்த அரசு வழக்கறிஞர், சும்மா போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடுவதை நிறுத்தினார். கொலைகள் 2022 வரை வருஷத்துக்கு 300-க்கு மேலேயேதான் இருந்தன. வைத்திருப்பவனை விட்டாலும் விற்பவன் சட்டத்துக்கு வெளியேதானே நிற்கிறான்? 2022-ல் மேற்குப் பகுதியில் வேறு வழி பிடித்தார்கள்: சுடக்கூடியவன், சுடப்படக்கூடியவன் என்று தெரிந்தவர்களைத் தேடிப்போய் மேயர் கடிதத்தைக் கையில் கொடுப்பது. உதவி வேண்டுமா செய்கிறோம், சுட்டால் உள்ளே. 2024-ல் கொலைகள் ஏறக்குறைய 200. நாடு முழுக்கவே அப்போது குறைந்ததால் முழுப் புகழையும் இவர்களுக்குத் தரமாட்டேன்.

சிகாகோ செல்வம்:
இங்கே பெரிய கும்பல்களின் தலைவர்களை உள்ளே தள்ளியதும் அவை தெருவுக்கொன்றாகச் சிதறிவிட்டன. இப்போது இன்ஸ்டாகிராமில் ஒருத்தன் செத்தவனைக் கிண்டல் பண்ணினாலே போதும். எங்கள் மாநிலமான இல்லினாய்ஸில் 2020 ஜனவரியிலேயே கஞ்சா சட்டபூர்வம், 2021-ல் சிகாகோவில் கொலை சுமார் 800.

முகிலன்:
நன்றி அண்ணா. அப்படியென்றால் சட்டப்படி நடக்கிற கஞ்சாக் கடை வாசலில் துப்பாக்கியோடு காவலாள் எதற்கு?

நைட்ஷிஃப்ட்:
மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம் தம்பி. பெரிய பேங்குகள் தயங்குகின்றன, கிரெடிட் கார்டும் எடுபடாது. கல்லா நிறைய ரொக்கம், அதற்குத்தான்.