மறு: ஹைட்ரோலிக் விறகு மெசினுக்குத் தமிழ்ப்பெயர் – பிளப்பி, மதகு, கலிங்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஒயிலை அமுக்கி அந்தப் பலத்தால் விறகு பிளக்கிற ஹைட்ரோலிக் மெசினுக்குத் தமிழ்ப்பெயர் தேடி மூன்று கிழமையாக ஓடுகிற இந்த இழையை நேற்றிரவு ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். பதினொரு பெயர் வந்திருக்கிறது. மெசின் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான் போல. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மெசினைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயலோடு வந்த மழையில், இங்கே யாழ்ப்பாணத்து உரும்பிராயில், என் வேலியோரம் நின்ற வேம்பும் கிணற்றடிப் புளியும் வேரோடு சாய்ந்தன. குற்றிகளாக அரிந்து அடுக்கியதோடு சரி, கொத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை. 2022 இல் காஸ் இல்லாமற்போய் ஊரே விறகுக்குத் திரும்பியபோது, விறகு விற்கிற விறகுகாலையில் ஓர் அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தேன். வளவில் குற்றி குவிந்து கிடக்கிறது, அடுப்புக்குக் கொள்ளி இல்லை! புளியங்குற்றியைக் கொத்தியவர்களுக்குத் தெரியும், அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். இறங்கின கோடாலி லேசில் வெளியே வராது.

அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது. மண் கிண்டுகிற பெக்கோ மெசின், கழித்துவிட்டது, அதன் ஜக் (ஒயில் தள்ளத் தண்டு நீளுகிற உருளை), இரண்டு மீற்றர் இரும்புக் கேடர் (உத்தரம்), இரண்டு சில்லு உழவு மெசினான லாண்ட்மாஸ்ரரின் எஞ்சின், ஒரு கியர் பம்ப், நாற்பது லீற்றர் ஒயில் தொட்டி. கேடரின் ஒரு நுனியில் ஆப்பை ஒட்டியிருக்கிறேன். ஜக்கின் தண்டு குற்றியைத் தள்ளிக்கொண்டு போய் ஆப்பில் ஏற்றும். (டிப்பர் ஜக் மலிவாகக் கிடைக்கும் என்று யாரும் வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் தள்ள மட்டும் தெரிந்தது. டிப்பரில் பெட்டியின் பாரம் அதைத் திருப்பி அமுக்கும், விறகு மெசினில் யார் அமுக்குவது?)

சரி, இனிப் பெயருக்கு வருவோம்.

> விறகுகொத்தி என்று வைத்தால் என்ன? மரங்கொத்தி, மீன்கொத்தி எல்லாம் இருக்கின்றனவே.

ரொறன்ரோத் தம்பி, வாசித்தவுடன் எனக்கும் பிடித்தது. நாங்கள் விறகைக் கொத்துகிறவர்கள்தான், சென்னைக்காரர் போல வெட்டுகிறவர்கள் அல்ல. ஆனால் கொத்துவது என்றால் கை ஓங்க வேண்டும், கூர் மேலிருந்து விழ வேண்டும். இந்த மெசின் ஓங்குவதில்லை. முதல்தரம் பார்க்க வந்த சனம் ஏமாந்துபோனதே அதனால்தான். குற்றி ஆமை வேகத்தில் நகர்ந்து ஆப்பில் முட்டும், ஒரு கணம் ஒன்றும் நடக்காது, எஞ்சின் முக்கும், பிறகு ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு ஓடும். அதைக் கொத்துதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்று, எங்கள் அம்மம்மாமார் காதில் ‘கொத்தி’ என்று விழுந்தால் பிள்ளைப்பெறு வீட்டுப் பேயான கொத்தியாத்தைதான் நினைவுக்கு வருவாள்.

> நீரியல் விறகுபிளப்பான்.

சென்னை ஐயா, இதில் எனக்கு இரண்டு முறைப்பாடு. ‘நீரியல்’ என்ற சொல்லை இங்கே மீன்காரர் எடுத்துவிட்டார்கள். கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களம் என்று அரசாங்கப் பலகையே இருக்கிறது. நீரியல் பிளப்பான் என்று சொன்னால் குருநகரில் சுறா அறுக்கிற மெசின் என்று நினைப்பார்கள். அதோடு உள்ளே ஓடுவது நீரும் இல்லை, ஒயில். தண்ணீர் விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் ஜக் துருப்பிடித்து இறுகிவிடும். மூலச்சொல்லிலும் நீர்தானே என்பீர்கள். உண்மை, கிரேக்கத்தில் நீரும் குழலும் சேர்ந்த சொல் அது, முதலில் நீரின் உதவியால் ஒலித்த ஓர் இசைக்கருவிக்குப் பெயர். கிரேக்கன் நாதஸ்வரத்துக்கு வைத்த பெயரை நான் விறகுக்கு மொழிபெயர்க்க வேண்டுமா?

‘பிளப்பான்’ மீது எனக்குக் கோபம் இல்லை, சந்தேகம்தான். “நாளைக்கு விறகு பிளப்பான்” என்றால் மெசினா, பக்கத்து வீட்டுப் பெடியனா? ‘பிளப்பி’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இணைப்பி இருக்கிறது, பிளப்பியும் இருக்கட்டும். முன்னால் விறகு என்று ஒட்டுவதும் தேவையில்லாத இடத்தில் வேண்டாம், விறகுகாலையில் நின்றுகொண்டு பிளப்பி என்றால் வேறு எதைப் பிளக்கப்போகிறோம்?

> ஹைட்ரோலிக்கை அப்படியே எடுத்தால் என்ன? பாடநூலில் பம்பி, முசலம் (பிஸ்ரன்), உருளை, அமுக்கம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். மிச்சத்துக்கு ஏன் இந்த அடிபாடு?

அக்கா, நான் உங்கள் பக்கம் அரைவாசி. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1875 இல் வெளிவந்த தன் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றுதான் பெயர் வைத்தார். கெமிஸ்ரி என்ற சொல்லை நம் ஓசைக்கு வளைத்து எடுத்தார். அது நிலைக்கவில்லை, இங்கே இரசாயனவியல் ஆனது, அங்கே வேதியியல் ஆனது. ஆனாலும் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஹைட்ரோலிக் இருந்துவிட்டுப் போகட்டும். அமுக்கம் எனக்குப் பூரண சம்மதம். சென்னையில் அழுத்தம் என்பார்கள், ஐயா கோபிக்கக் கூடாது. பட்டறையில் இரண்டும் இல்லை, ‘பிறசர்’தான். “பிறசர் ஏறிப்போச்சு” என்று நான் கத்த, வீட்டுக்காரி குளிசையோடு ஓடிவந்த கதையும் உண்டு.

உருளையிலும் எனக்குச் சண்டை இல்லை. சிலிண்டர் என்றால் 2022 க்குப் பிறகு இந்த ஊரில் காஸ் சிலிண்டர் ஒன்றுதான்.

இனி நான் எழுத வந்த விஷயம். பதினொரு பெயரும் மெசினின் வெளிப்பலகைக்கு வந்தவை. பேக்கரிக் கடைப்பலகையில் ‘வெதுப்பகம்’ நன்றாக நின்றுபிடித்துவிட்டது. உள்ளே போனால் எல்லோரும் பாண்தான் கேட்கிறார்கள். பலகைச் சொல்லை விட எனக்குப் பிரச்சினையாக இருந்தது உள்ளுக்குள் இருக்கிற வால்வுகள். அவற்றுக்குத் தமிழும் இல்லை, ஒழுங்கான இங்கிலிசும் எங்கள் வாயில் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பெக்கோ ஜக்கின் உள்விட்டம் 100 மில்லிமீற்றர். பரப்பு 78½ சதுர சென்ரிமீற்றர். 170 ‘பார்’ (அமுக்கத்தை அளக்கிற அலகு) அமுக்கம் கொடுத்தால் தண்டு ஏறத்தாழ 13½ தொன் பாரத்தோடு தள்ளும். புளிக்கு அது போதும். ஆனால் தண்டு முழுதாக நீண்டு முட்டின பிறகும் பம்ப் நிற்காது, அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத ஒயில் 170 இல் நிற்காமல் ஏறும். அந்த இடத்தில் அளவுக்கு மிஞ்சியதைத் தொட்டிக்குத் திருப்பிவிடுகிற ஒரு வால்வு வேண்டும். என்னுடைய பழைய கைப்பிடி வால்வில் அது இல்லை. உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கு ரெலிபோன் எடுத்து, “பிறசர் வால்வ் ஒன்று, ஒயில் திரும்பிற மாதிரி” என்றேன். பெடியன் கவனமாகக் கேட்டு, கவனமாகப் பொதி கட்டி, ஒயிலைத் திரும்ப விடாத வால்வை அனுப்பியிருந்தான்! கிணற்றுப் பம்பின் அடியில் இருக்குமே புட்வால்வ், அதன் தம்பி. அவனில் குற்றமில்லை. என் வாயில் சொல் இல்லை. நானும் பார்க்காமல் பூட்டினேன்.

முதல் குற்றி பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. மூன்றாவதில் தண்டு நுனிவரை போய் முட்டியது, எஞ்சின் குரல் மாறியது, நான் கைப்பிடியைத் திருப்புவதற்குள் ஹோஸ் அதன் பூட்டிலிருந்து பிய்ந்து பாம்பு மாதிரி எழும்பி அடித்தது. ஒயில் கொடியில் காய்ந்த வேட்டிகளிலும் பப்பாசி மரத்திலும். தலையில் படாதது யார் செய்த புண்ணியமோ.

பிறகு ஆற அமர இருந்து யோசித்தபோது, அந்த வால்வு செய்கிற வேலைக்குத் தமிழில் ஏற்கனவே சொல் இருப்பது தெரிந்தது. குளத்தில் நீர் மட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் கட்டு உடையாமல் மிச்சத்தை வெளியே விடுவது எது? கலிங்கு. வன்னியில் ‘வான்’ என்போம். மாரியில் இரணைமடு வான் பாய்கிறது, வான்கதவு திறந்தாயிற்று என்று கேள்விப்படாதவர் யார்? முதலில் வான்வால்வு என்றுதான் எழுதி வைத்தேன். சென்னையில் அதை ஆகாயத்து வால்வாக வாசிப்பார்கள் என்று பயந்து கலிங்குக்கு மாறினேன். கலிங்கு இரு கரையிலும் உண்டு.

அது கிடைத்ததும் மற்றவை தானாக வந்தன. கைப்பிடி வால்வு ஒயிலை இந்த வாய்க்காலுக்கா அந்த வாய்க்காலுக்கா என்று திருப்புகிறது. அது மதகு. ஒருபக்கம் மட்டும் போக விடுவது மறிவால்வு, புட்வால்வ் என்றாலும் எனக்குச் சரி. பாயும் ஒயில் திரும்பி வருகிற குழாய் கழிவாய்க்கால். கலிங்கு வால்வை இங்கிலிசில் றிலீவ் வால்வ் என்பார்கள், அதற்கு ‘நிவாரண வால்வு’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். நிவாரணம் என்றால் இங்கே அரிசி மா சீனி கொடுப்பது, வரிசையில் நிற்பது. அதை வால்வில் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் குளத்தில் கிடைக்கவில்லை. முதலில் இருந்த பம்ப் நிமிடத்துக்குப் பத்து லீற்றர்தான் தரும். தண்டு அரை மீற்றர் போக 24 விநாடி, திரும்ப 18. கோடாலிக்காரன் நின்று சிரிப்பான். இப்போது போட்டிருப்பதில் இரண்டு சோடிப் பல்லுச் சில்லு. பாரம் இல்லாதபோது இரண்டும் சேர்ந்து முப்பது லீற்றர் தள்ளும், எட்டு விநாடியில் தண்டு போய்விடும். குற்றி ஆப்பில் முட்டி அமுக்கம் ஏறியதும் பெரிய சோடி தானாக ஒதுங்கி ஒயிலைச் சும்மா சுற்றவிடும். சின்னச் சோடி மட்டும் மெதுவாக, முழுப் பலத்தோடு தள்ளும். இங்கிலிசில் அது ரூ-ஸ்ரேஜ் பம்ப். ‘இருகட்டப் பம்பி’ என்பது சொல்லுக்குச் சொல் சரி, உயிர் இல்லை. வெறுவண்டி ஒரு நடை, பாரவண்டி ஒரு நடை. ‘இருநடைப் பம்பி’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

உரும்பிராயிலிருந்து

—

சென்னையிலிருந்து:

அன்புள்ள நண்பருக்கு, நீரியலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீன் திணைக்களத்தோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. பிளப்பிக்கும் சம்மதம். ஆனால் கலிங்கு பற்றி ஒரு தயக்கம். எங்கள் ஊரில் ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். என் பேரன் அது ஏதோ கலிங்க நாட்டு விஷயமா என்று கேட்டான். மேலும் கலிங்கு திறந்தே கிடக்கும், வால்வு மூடியிருந்து திறக்கும். ‘வடி வால்வு’ என்றால் எல்லோருக்கும் புரியாதா?

—

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, கொத்தியை வாபஸ் வாங்கிறன். இங்கே இந்த மெசினை வாடகைக்கு எடுக்கலாம், குளிர் தொடங்க முதல் ஆளுக்காள் எடுப்பார்கள். ஒன்று கேட்கவேண்டும், உங்களுடைய அந்த ஹோஸ் பிய்ந்தது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால்தான் பயம். 170 பாரில் வருகிற ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஒரு முள் குத்தின அடையாளம் மட்டும் இருக்கும், நோவும் முதலில் பெரிதாக இராது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். கையால் தடவிப் பார்க்கவே கூடாது, காட்போட் மட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். இதற்கு என்ன சொல்? ‘கசிவு’ என்றால் கூரை ஒழுகுகிற மாதிரி இருக்கிறது.

—

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், போன மாதம் இடது பக்க ஹோஸ் நனைந்திருக்கிறதா என்று கையால்தான் தடவிப் பார்த்தேன். ‘ஊசிக்கசிவு’ என்று போடலாமா என்று முதலில் நினைத்தேன். கசிவு என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது, நீங்கள் சொன்னது சரி. ‘ஊசித்தாரை’? தாரை என்றால் பாய்வது, ஊசி என்றால் ஏறுவது. தொட்டியில் சிவப்புப் பெயின்ரால் எழுதப்போகிறேன்: ஊசித்தாரை – கை வைக்காதே. இதை விட நல்லது யாருக்காவது தோன்றினால் பெயின்ற் காய முதல் சொல்லுங்கள்.

ஐயா, கலிங்கு திறந்து கிடக்கும் என்பது மெய்தான். ஆனால் நீர் அதன் உயரத்துக்கு வரும்வரை திறந்திருந்தும் பயனில்லை, அது பாய்வதில்லை. என் வால்விலும் ஸ்பிரிங்கைத் திருகி நான் செய்வது அந்த உயரத்தை வைப்பதுதான், 170 க்கு ஏறினால்தான் பாயும். ‘வடி வால்வு’ என்று கேட்டால் எனக்குத் தொட்டியின் அடியில் பழைய ஒயிலை இறக்குகிற அடைப்பு வந்து சேரும். ஒருமுறை பட்டது போதும். பேரனுக்கு ஏரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அக்கா கேட்டிருந்தார், பட்டறையில் யாராவது இந்தச் சொற்களைச் சொல்கிறார்களா என்று. லேத்காரர் மதகைப் பிடித்துக்கொண்டார், கலிங்குக்குத் தலையாட்டினார், இருநடைப் பம்பியை ‘ரெண்டு நடை’ என்று சுருக்கிவிட்டார். பிளப்பி மட்டும் அவர் வாயில் ஏறவில்லை, “ஆப்பு மெசின்” என்கிறார். இது பன்னிரண்டாவது பெயர். வருகிற சனிக்கிழமை பின்னேரம் வேம்பின் அடிக்குற்றியைப் போடுகிறோம், பக்கத்தில் இருக்கிறவர்கள் வாருங்கள். எஞ்சின் சத்தத்துக்குள் இரண்டு பெயரையும் கத்திப் பார்ப்போம், முப்பது அடி தள்ளி நிற்கிறவருக்கு எது கேட்கிறது என்று.

உரும்பிராயிலிருந்து