மாடி வீட்டுக் கூரை: சிமுலேஷன் ஒரு நேரம் சொல்கிறது, வெப்பமானி வேறு நேரம் சொல்கிறது

உறையூர்வாசி:
திருச்சியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மேலே மொட்டை மாடிதான். அம்மாவுக்கு 72 வயது, ஏசி காற்று ஒத்துக்கொள்வதில்லை. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் “தலைக்கு மேல் அடுப்பு எரிகிறது” என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கையில் இருக்கும் பணத்துக்கு மாடியில் வெள்ளைப் பூச்சு அல்லது உள்ளே ஃபால்ஸ் சீலிங், இரண்டில் ஒன்றுதான் முடியும். முடிவெடுக்க எனர்ஜிபிளஸ் (கட்டடத்தில் சூடு ஏறி இறங்குவதைக் கணக்கிடும் மென்பொருள்) கற்றுக்கொண்டு அம்மாவின் அறையை உள்ளிட்டேன். ஐந்து அங்குல கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேல் தட்டோடு (தட்டையான ஓடு). கூரையின் அடிப்பக்கம் மதியம் ஒரு மணிக்கே உச்சச் சூட்டைத் தொட்டு, இரவுக்குள் ஆறிவிடுவதாகக் காட்டுகிறது. அகச்சிவப்பு வெப்பமானியில் பார்த்தால் உச்சம் மாலை ஏழுக்கு, 41 டிகிரி. பத்து மணிக்கும் 38. எங்கே தவறினேன்?

ஆறாத சுவர்:
கூரையை ‘நோமாஸ்’ வகைப் பொருளாகக் கொடுத்திருப்பீர்கள். அதில் வெப்பத்தடை மட்டும்தான் கணக்கில் வரும். சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் குணம் வராது. கான்கிரீட்டுக்கு தடிமன், கடத்துதிறன், அடர்த்தி (கன மீட்டருக்கு சுமார் 2400 கிலோ), வெப்ப ஏற்புத்திறன் நான்கையும் கொடுங்கள். ஜல்லிக்கும் அப்படியே. பகல் வெயில் கீழே இறங்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். உங்கள் அம்மாவைத் தூங்கவிடாதது அந்தத் தாமதம்தான்.

இன்னொன்று. மென்பொருளில் பொதுவாகப் பயன்படுத்தும் வானிலைக் கோப்பு ஒரு வழக்கமான ஆண்டுக்கானது. நீங்கள் அளந்த நாளின் வெயில் அதில் இருக்காது. டிகிரிக்கு டிகிரி ஒத்துப்போக வேண்டாம். உச்சம் வரும் நேரம் ஒத்துப்போகட்டும். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். கட்டிலில் படுத்திருப்பவர் மேல் கூரை வீசும் கதிர்வீச்சையும் சேர்த்துச் சொல்லும் ‘ஆபரேட்டிவ்’ வெப்பநிலையைப் பாருங்கள்.

கொத்தனார் மகன்:
எனக்குக் கணினி தெரியாது, மாடி தெரியும். அலுமினியப் பூச்சு விற்க வருவார்கள், வாங்காதீர்கள். அது வெயிலைத் திருப்பினாலும் இரவில் தன் சூட்டை வானத்துக்கு எளிதில் விடாது. வெள்ளை விடும். தட்டோட்டு இடுக்குகளை முதலில் அடைத்துவிட்டுப் பூசுங்கள். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் மாடியைக் கழுவியே ஆக வேண்டும்.

உறையூர்வாசி:
ஐயா சொன்னதுதான், நோமாஸ். திருத்திய பிறகு உச்சம் மாலை 6.45க்கு வருகிறது! நேற்று இரவெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். மாடியின் எதிரொளிப்பை (படும் வெயிலில் திருப்பி அனுப்பும் பங்கு) 0.3இலிருந்து 0.7க்கு மாற்றினால் இரவு பத்து மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் ஏறக்குறைய நான்கு டிகிரி குறைகிறது. அறைக்காற்று ஒன்றரை டிகிரிதான் குறைகிறது. முன்பு அறைக்காற்றை மட்டும் பார்த்து வெள்ளைப் பூச்சை ஒதுக்கியிருந்தேன். சாய்வு நாற்காலியைக் கூடத்துக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவிடம், பூச்சு முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். பகலில் ஜன்னலை மூடி இரவில் திறந்தால் எவ்வளவு கூடுதலாகக் குறையும் என்று இன்று ஓட்டுகிறேன்; அந்த அட்டவணையை எப்படி உள்ளிடுவது என்று யாராவது சொல்லுங்கள்.