மறு: ‘ரீமாஸ்டர்’ – ‘மறுபதிப்பு’ என்ற ஒரே சொல் போதாது

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் நான்கு நாளாக ஐப்பசி மழை. கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிறது. கிடைத்த நேரத்தில் இழையை முழுதும் படித்துவிட்டேன். எல்லாருக்குமான பதிலை ஒரே மடலாக எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நம் இசைத்தட்டுப் பட்டியலில் ‘ரீமாஸ்டர்’ பத்திக்கு ‘மறுபதிப்பு’ என்று தலைப்பு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே அக்கா. புத்தகத்துக்கு ஏற்கனவே இருக்கிற சொல்தானே.

கோத்தகிரித் தம்பி, பழைய பதிவின் ஒலியைத் திருத்தி வெளியிடுவதுதான் ரீமாஸ்டர். அதற்கு ‘மறுபதிப்பு’ என்று போட்டுவிட்டுப் போக முடியாது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வருடம் ஒரு பழைய தமிழ்ப்படப் பாட்டுத் தட்டைத் தபாலில் வரவழைத்தேன். கடைக்காரர் ‘மறுபதிப்பு’ என்று மட்டும் போட்டிருந்தார். அப்பா வாங்கிய தட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பாட்டாக வரும், நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சின்னத் தட்டு, இ.பி. சுவர் ஈரத்தில் பூசணம் பிடித்து, எத்தனை முறை கழுவியும் அந்தப் பொரிகிற சத்தம் போகவில்லை. அதே பாட்டைச் சுத்தமாகக் கேட்க ஆசைப்பட்டேன். சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் பல்லவி எடுப்பதற்கு முன்னால் பாடகி இழுக்கும் மூச்சு ஒன்று உண்டு. சின்ன வயதில் அந்த மூச்சு கேட்டவுடன் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். புதுத் தட்டில் அது இல்லை. நாடாவின் இரைச்சலை எடுத்தவர்கள் மூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் ஒரு வேலையைச் செய்திருக்கிறார்கள். என்ன வேலை என்று அந்தச் சொல் எனக்குச் சொல்லவில்லை, அதுதான் குறை. பழைய அச்சையே திரும்ப அழுத்தினாலும் மறுபதிப்பு, ஒலியைத் திருத்தினாலும் மறுபதிப்பு, பத்துப் பாட்டை இருபதாக்கினாலும் மறுபதிப்பு என்றால் வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவது?

பாட்டு தட்டாகிற வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பல தடங்களில் பதிவு செய்யும்போது குரல் ஒரு தடத்திலும் வாத்தியங்கள் வேறு தடங்களிலும் விழும். அவற்றைக் கூட்டிக் குறைத்து ஒன்றாக்குவது கலவை. கலவை இறங்குகிற நாடா மூலநாடா. தட்டுக்கோ குறுந்தகட்டுக்கோ பொருந்தும்படி மூலநாடாவின் ஒலிக்கு அளவும் கனமும் கூர்மையும் சரிசெய்வது மாஸ்டரிங். பிறகுதான் வெட்டி, உலோக அச்சு எடுத்து, தட்டாக அழுத்துவது. திரும்பச் செய்கிறவர்கள் இதில் எந்தப் படிவரை பின்னால் போனார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் பீட்டில்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’. 2009-ல் வந்தது மூலநாடாவரை போனது. கலவை பழையதுதான், ஒலியை மட்டும் திருத்தினார்கள். 2017-ல் இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் அதற்கும் பின்னால், நான்கு தட நாடாக்களுக்கே போய்ப் புதிதாகக் கலந்தார். கூடவே பாட்டுகள் உருவான கட்டத்துப் பதிவுகளையும் தனித் தகட்டில் சேர்த்தார்கள். இரண்டையும் ‘மறுபதிப்பு’ என்று எழுதிவைத்தால் நம் பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

இனி சொற்கள்.

முதலில் வந்த தட்டை ‘ஒரிஜினல்’, ‘ஃபர்ஸ்ட் பிரஸ்’ என்கிறோம். ‘அசல்’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அசல் என்றால் மற்றதெல்லாம் போலி என்றாகிவிடும், உரிமை பெற்று வந்த மறுவெளியீடு போலி இல்லையே. தலைச்சன் பிள்ளை, தலைப்பிரசவம், தலைத்தீபாவளி என்று முதலில் வருவதற்கெல்லாம் நம்மிடம் ‘தலை’ இருக்கிறது. ‘தலையச்சு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். தலைச்சனைச் சொன்னதால் அடுத்த பிள்ளைகள் குறைந்துபோவதில்லை.

ரீமாஸ்டருக்குத் தம்பி சொன்ன இன்னொரு சொல்லை இரண்டு நாள் மனசில் போட்டுப் பார்த்தேன்.

> கவாத்துப் பதிப்பு? நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து பண்றோம். செடி அதே செடி, வேர் அதே வேர். துளிர் மட்டும் புதுசு.

அழகான சொல், நம் மலைச் சொல். இரைச்சல் நீக்குவதற்குப் பொருந்தவும் செய்கிறது, வெட்டுகிறவர் கை தவறினால் நல்ல கிளையும் போகும். ஆனால் கவாத்து செய்தபின் பழைய செடி அந்த உருவில் இருப்பதில்லை, தலையச்சோ அலமாரியில் அப்படியே இருக்கிறது. மலைக்குக் கீழே இறங்கினால் இன்னொரு சிக்கல்: ‘கவாத்து’ என்றால் போலீஸ் மைதானத்து அணிவகுப்புதான் பலருக்கு நினைவு வரும்.

நான் முன்வைப்பது ‘துலக்குதல்’. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். விளக்கு மாறுவதில்லை, மேலே படிந்த கறுப்பு போகிறது. ‘துலக்கம்’ என்றால் தெளிவு என்றும் பொருள் இருக்கிறது, ஒலிக்கு வேறென்ன வேண்டும்? துலக்கிய பதிப்பு, துலக்குநர் என்று பெயரும் வினையும் தடையில்லாமல் கிளைக்கின்றன.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வர வேறொரு காரணமும் உண்டு. பாட்டியின் செம்பில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். மூன்று தலைமுறை துலக்கித் துலக்கி இப்போது பாதி எழுத்துதான் தெரிகிறது. குறுந்தகட்டுக் காலத்தில் ஒலிக்கு நடந்ததும் இதுதான். மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை அழுத்தி, மொத்தத்தையும் ஒரே சத்தமாக்கிவிட்டார்கள். போட்டவுடன் காதில் அறையும். நாலு பாட்டு கேட்பதற்குள் அலுத்துவிடும், ஏனென்றால் ஏற்றமும் இறக்கமும் தேய்ந்துபோயிருக்கும். இதற்கு ‘மிகைத்துலக்கம்’ என்றால் சமையலறைக்குப் போகிற யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

துலக்கவே கூடாது என்று குன்னூர்க்காரி சொல்கிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் பொருளை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். எழுபது, எண்பதுகளில் செய்த சில வகை நாடாக்களில் காந்தப்பொடியைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. ஓட்டினால் பொடி உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாடாவை சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, அது தாங்குகிற சில நாளுக்குள் படியெடுக்கிறார்கள். அந்தப் பாட்டுகள் இன்று நம்மிடம் இருப்பதே துலக்குநர்களின் கையால்தான்.

அடுத்து, கூடுதல் பதிவுகளைச் சேர்த்து விரித்த பதிப்பு. இதற்கு ‘விரிபதிப்பு’ என்று இழையில் வந்த சொல்லே போதும். எல்.பி. என்கிற பெரிய தட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் சொச்சம். 1982-ல் வந்த குறுந்தகட்டில் 74 நிமிடம் பிடிக்கும். மிச்ச இடத்தை எதைக்கொண்டாவது நிரப்பலாம் என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான். நிரப்பியவற்றுக்குத்தான் நல்ல பெயர் வேண்டும். ‘டெமோ’வுக்கு ‘வெள்ளோட்டப் பதிவு’ என்கிறேன். தேர்த்திருவிழாவுக்கு முன் தேரை இழுத்துப் பார்ப்பதைப் போலத்தானே அதுவும். ஒரே பாட்டை வேறு விதமாகப் பாடி ஒதுக்கியவற்றுக்குப் பதிப்பாசிரியர்களின் சொல்லையே எடுக்கலாம்: பாடபேதம். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துவைத்த உழைப்பு தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பேதங்களை அவர் செய்யுளுக்கு நடுவே செருகவில்லை. விரிபதிப்பு போடுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். கடைசிப் பாட்டு முடிந்து மனம் அடங்குவதற்குள் அதே பாட்டின் வெள்ளோட்டம் தொடங்கினால் எனக்குத் தாங்கவில்லை. தனித் தகட்டில் கொடுங்கள், விரும்பிப் போய்க் கேட்கிறோம்.

தட்டை விட்டு எடுக்கவே முடியாத சங்கதியும் உண்டு. ‘சார்ஜென்ட் பெப்பர்’ இங்கிலாந்துத் தலையச்சில் கடைசிப் பாட்டுக்குப் பிறகு உள்வட்டத்தில் ஒரு குளறல் பேச்சைப் பதித்திருக்கிறார்கள். முள்ளை நாமே தூக்க வேண்டிய கருவியில், தூக்குகிறவரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறுந்தகட்டில் சில முறை ஒலித்து மங்கி அடங்கிவிடுகிறது. எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் அந்த முடியாத வட்டம் அங்கே வராது. தலையச்சுக்காகக் கடை கடையாக அலைகிறவர்களைப் பழம்பெருமைக்காரர்கள் என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை.

அன்புடன்,
குன்னூரிலிருந்து

---

குன்னூர் தங்கச்சிக்கு,

மடல் கண்டு மகிழ்ச்சி. தலையச்சு, வெள்ளோட்டம் இரண்டுக்கும் என் கை உயர்த்துகிறேன். துலக்கத்தில் ஒரு தடை. மாஸ்டரிங்குக்கு நீங்கள் சொல் தரவில்லை. அதற்கு ஒரு வேரும் ரீமாஸ்டரிங்குக்கு இன்னொரு வேரும் என்றால் இரண்டும் உறவு என்றே தெரியாமல் போகும்.

இன்னொன்று, ‘மறு’ ஏன்? எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்து கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தது. எங்கள் வாயில் ‘மீள்பதிப்பு’தான் வரும். நீங்கள் குறுந்தகடு என்பதை அங்கே இறுவட்டு என்பார்கள். இந்தக் குழுமத்தில் எங்கள் சொல்லுக்கும் ஒரு இடம் வேண்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது காயலான் கடைக்குப் போன மூட்டையில் ஒரு பீட்டில்ஸ் தட்டு கிடைத்தது. நிமிடத்துக்கு 78 சுழற்சி, கனமான அரக்குத் தட்டு. அவர்கள் காலத்தில் 78 ஏது? போலிதானே?

கூடலூரிலிருந்து

---

அண்ணாவுக்கு வணக்கம்.

முதல் தடை சரிதான், என் மடலில் அது ஓட்டைதான். திருத்திக்கொள்கிறேன்: மாஸ்டரிங் ‘துலக்கம்’, ரீமாஸ்டரிங் ‘மறுதுலக்கம்’. கன்னார் பட்டறையிலிருந்து புதுப் பாத்திரமும் துலக்காமல் வெளியே வருவதில்லை, ஆகவே முதல் முறைக்கும் சொல் நிற்கும்.

மீள், மறு இரண்டையும் வைத்துக்கொள்வோம், வேலையைப் பிரித்துக் கொடுத்து. மீள்வது என்றால் திரும்பி வருவது. கடையிலிருந்து மறைந்த தட்டு கைபடாமல் திரும்பி வந்தால் ‘மீளச்சு’. ஒலியில் கைவைத்திருந்தால் ‘மறு’: மறுதுலக்கம், மறுகலவை. உங்கள் சொல் வந்ததால்தான் இந்த வேறுபாட்டைக் காட்ட முடிகிறது.

தட்டு போலியாக இருக்க வேண்டியதில்லை. மற்ற நாடுகளில் 78 ஓய்ந்த பிறகும், சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இங்கே புழக்கத்தில் இருந்ததால், கல்கத்தா டம்டம் இசைத்தட்டு ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளை 1960-களின் நடுப்பகுதி வரை 78 ஆகவும் அழுத்தினார்கள். சேகரிப்பவர்கள் உலகமெங்கும் தேடுவது அதை. இப்படி ஒன்று இருப்பதால் பட்டியலில் தலையச்சுக்கு நாடும் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது: ‘இந்தியத் தலையச்சு’ என்று. தம்பி, பத்தியைக் கொஞ்சம் அகலமாகப் போடு.

அண்ணா, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெற்று வட்டம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து அதில் வெட்டியிருக்கும் எண்ணையும், லேபிளில் உள்ளதையும் எழுதி அனுப்புங்கள். உறையில் பூசணம் இருந்தால் தட்டை அதிலிருந்து எடுத்து வேறு உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் தொட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.