டீசல் ஹீட்டர் எரிகிறது, சில நிமிடத்தில் அணைந்துவிடுகிறது – எங்கே பார்ப்பது?

நெடுவழிப் பயணி:

வணக்கம் நண்பர்களே. பழைய சரக்கு வேன் ஒன்றைத் தங்கும் வேனாக மாற்றி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் அடியில் 2 கிலோவாட் டீசல் ஹீட்டரைப் பொருத்தியிருக்கிறேன். 12 வோல்ட் வகை. பின்பக்கம் தனியாக 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், வேனின் அடியில் பம்ப், அங்கிருந்து ஹீட்டருடன் வந்த பச்சை நிற மெல்லிய ரப்பர் குழாய்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது, சற்று நேரத்தில் சூடான காற்றும் வருகிறது. ஐந்தாறு நிமிடம் நன்றாக ஓடியதும் காற்று மெல்லக் குளிர்கிறது. திரையில் இ-08 என்று வருகிறது; கையேட்டில் அதற்குச் சுடர் அணைந்தது என்று பொருள் போட்டிருக்கிறது. அதன் பிறகு வெளியே அடர்த்தியான வெள்ளைப் புகை. சில இரவுகளில் மட்டும் அணையாமல் விடியும்வரை ஓடுகிறது. அப்படி ஓடிய இரவுக்குப் பின் காலையில் மனைவி தலைவலி என்கிறாள், அது குளிரால் இருக்கலாம். டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் போய்விட்டதா? புதிதாக வாங்கிப் போட்டால் சரியாகுமா?

சாலை நாடோடி:

க்ளோ பிளக்தான் நண்பரே. எனக்கும் வெள்ளைப் புகை வந்தது, பிளக்கை மாற்றியதும் நின்றுவிட்டது. விலை குறைந்த பொருள்தானே, மாற்றிப் பாருங்கள்.

பழைய ஸ்பானர்:

தம்பி, பிளக், பம்ப் எல்லாம் பிறகு பார்க்கலாம். தலைவலி என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. இன்று இரவு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அந்த வேனில் யாரும் தூங்காதீர்கள்.

இந்த ஹீட்டரில் இரண்டு காற்று ஓட்டங்கள் உண்டு. ஒன்று வெளியிலிருந்து எரியறைக்குள் போய்ப் புகையாக வெளியேறுகிறது. மற்றொன்று வேனுக்குள் இருக்கும் காற்று; எரியறையைச் சுற்றியுள்ள அலுமினியத் துடுப்புகளைத் தொட்டுச் சூடாகி உள்ளேயே திரும்புகிறது. இவை இரண்டும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. கலந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல்தான் முதல் அறிகுறிகள். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தால் குறையும். உங்கள் மனைவிக்கு வேனை விட்டு இறங்கிய பிறகு தலைவலி குறைகிறதா? குறைகிறது என்றால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

மூன்று விவரம் வேண்டும். புகைக்குழாயின் வாய் எங்கே முடிகிறது? ஹீட்டரின் அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் இருக்கிறதா? உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா?

நெடுவழிப் பயணி:

ஐயா, படித்ததும் பதறிவிட்டேன். இறங்கி நடந்தால் அவளுக்குத் தலைவலி குறைகிறது, உண்மைதான். மருத்துவரிடம் போகிறோம். புகைக்குழாய் சைலன்சரோடு வேனின் அடியில் நடுப்பகுதியில் முடிகிறது. கேஸ்கெட் போட்டிருக்கிறேன். எச்சரிக்கைக் கருவி இல்லை.

பழைய ஸ்பானர்:

அப்படியானால் புகை வேனின் வயிற்றுக்கு அடியிலேயே தேங்குகிறது. காற்றில்லாத இரவில் அதற்குப் போக்கிடம் கிடையாது. கதவு ரப்பர், தரையில் ஒயர் போகும் துளை, கியர் லீவர் உறை என்று கிடைத்த இடுக்கில் மேலே ஏறும். குழாயை வேனின் ஓரம்வரை நீட்டி, வாய் வெளிப்புறம் பார்க்கும்படி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து முடியுங்கள். முன்பக்கம் பார்க்க வேண்டாம், ஓடும்போது எதிர்காற்று புகையைத் திருப்பித் தள்ளும். ஜன்னல், கதவுக்கு நேர் கீழேயும் வேண்டாம். எரியறைக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாயும் இதிலிருந்து விலகியே இருக்கட்டும். தன் புகையைத் தானே உறிஞ்சினாலும் சுடர் அணையும்.

குழாய் செல்லும் வழியில் பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் எதுவும் உரசக் கூடாது. தரை மரப்பலகையாக இருந்தால் துளையைப் பெரிதாக வெட்டி இரும்புத் தகடு போட்டு, அந்தத் தகட்டின் மீதுதான் ஹீட்டர் உட்கார வேண்டும்.

அடுத்தது, ஹீட்டரின் புகை வாயில் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்து அந்த இணைப்பைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது கறுப்பாக மைக்கோடு போலப் படிந்திருந்தால் அந்த வழியாகப் புகை கசிகிறது என்று பொருள். சைலன்சரில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்தும் புகை வரும் என்பதால் சைலன்சரை ஒருபோதும் உள்ளே வைக்கக் கூடாது.

எச்சரிக்கைக் கருவி வாங்கும்போது இஎன் 50291-2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேன், படகு போன்றவற்றுக்கான தரம் அது. படுத்திருக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

மின்கம்பி:

ஸ்பானர் ஐயா சொன்னதை முடித்த பிறகு இதைப் படியுங்கள். க்ளோ பிளக் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. பிளக்கின் வேலை டீசலைப் பற்றவைப்பது. சுடர் பிடித்தபின் அது ஓய்ந்துவிடும், அதன் பிறகு எரியறையின் சூடே தீயைக் காக்கிறது. ஐந்து நிமிடம் சூடான காற்று வந்தது என்றால் பிளக் தன் வேலையைச் செய்திருக்கிறது. எரிந்துகொண்டிருந்த தீ நடுவில் அணைவது பெரும்பாலும் டீசல் பட்டினியால். அணைந்தபின் சூடான சுவரில் விழும் டீசல் எரியாமல் ஆவியாவதுதான் அந்த வெள்ளைப் புகை. அடுத்தடுத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள், எரியறையில் டீசல் தேங்கிவிடும்.

ஓடும்போது பச்சைக் குழாயை உற்றுப் பாருங்கள், உள்ளே குமிழ்கள் போகின்றனவா? பம்ப் எந்த நிலையில் இருக்கிறது? பிளக் எரியும் முதல் நிமிடத்தில் மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் ஹீட்டர் இணைப்பிலும் வோல்ட் அளந்து சொல்லுங்கள். ஒயரின் நீளமும் தடிமனும் வேண்டும்.

நெடுவழிப் பயணி:

பம்ப் தரைக்கு இணையாகப் படுத்த நிலையில் இருக்கிறது. குழாயில் விரல் நுனி நீளத்துக்குக் குமிழ்கள் நகர்கின்றன. பேட்டரியில் 12.4, ஹீட்டர் இணைப்பில் 11.1. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர், ஒரு பக்கம் 5 மீட்டர்.

மின்கம்பி:

விரல் நுனி நீளக் குமிழ் என்றால் பம்பின் அத்தனை துடிப்புக்கு எரியறைக்கு டீசலே போகவில்லை. ஊசி முனை அளவுக் குமிழ் பரவாயில்லை, இது தாங்காது.

பம்பை நிமிர்த்துங்கள். டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்க வேண்டும்; முழுக்கச் செங்குத்தாக இல்லாவிட்டாலும் நல்ல சாய்வு போதும். அப்போதுதான் உள்ளே வந்த காற்று தானே மேலேறிப் போகும். பம்ப் ஹீட்டரைவிட டேங்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதற்குத் தள்ளுவது எளிது, இழுப்பது கடினம்.

பச்சைக் குழாயைக் கழற்றிவிட்டு 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கெட்டியான நைலான் குழாய் போடுங்கள். ரப்பர் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து அழுத்தத்தை விழுங்கிவிடும். அகலக் குழாயில் டீசல் மெதுவாகப் போவதால் காற்று ஒதுங்கித் தங்கும். குழாயைக் கூரான கத்தியால் நேராக வெட்டி, ரப்பர் இணைப்புக்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டும்வரை தள்ளுங்கள். முட்டாமல் விட்ட இடைவெளியில்தான் குமிழ் பிறக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ஒவ்வொரு கிளாம்பையும் பாருங்கள். அந்தப் பகுதியில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈரம் இல்லை என்பதால் கசிவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

வோல்ட் வேறு கதை. 5 மீட்டர் போக, 5 மீட்டர் வர, மொத்தம் 10 மீட்டர் செம்பு, 1.5 தடிமனில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.2 வோல்ட் ஒயரிலேயே போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.45 வோல்ட்டுக்குள் நிற்கும். பேட்டரி சற்றுத் தளர்ந்த குளிர்காலை ஒன்றில் இந்த மெல்லிய ஒயரோடு ஹீட்டர் பற்றவே பற்றாது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

சாலை நாடோடி:

மின்கம்பி சொல்வது சரி. எனக்குச் சுடரே பிடிக்காமல் புகைந்தது, அது வேறு. பிளக்கை இப்போது வாங்க வேண்டாம்.

நெடுவழிப் பயணி:

எல்லோருக்கும் நன்றி. கிளாம்ப் இருந்த இடத்தில் ஐயா சொன்ன அதே கறுப்புக் கோடு இருந்தது. கிளாம்ப் பாதிதான் இறுகியிருந்தது. புதியது போட்டு, குழாயை ஓரம்வரை நீட்டிவிட்டேன். கருவி மாட்டி, ஹீட்டரை ஓடவிட்டு நாங்கள் வெளியே நின்று கதவு வழியாகத் திரையைப் பார்த்தோம். எண் பூஜ்யத்திலேயே நின்றது. பம்பை நிமிர்த்தி நைலான் குழாய் போட்டதும் குமிழ்கள் போய்விட்டன, அணைவதும் நின்றுவிட்டது. ஒயரையும் மாற்றினேன், இப்போது ஹீட்டர் இணைப்பில் 11.9. மனைவி நலமாக இருக்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இரவு முழுவதும் மிகக் குறைந்த அளவில் ஓடவிடலாமா?

பழைய ஸ்பானர்:

நிம்மதியாக இருக்கிறது தம்பி. ஓடவிடலாம், ஆனால் குறைந்த அளவில் எரியறை போதிய சூடேறாமல் கரி படியும். காலையில் அணைக்கும் முன் அரை மணி நேரம் முழு அளவில் ஓட்டுங்கள். அணைப்பது பொத்தானால் மட்டுமே. மெயின் சுவிட்சைத் தட்டினால் விசிறி நின்று, சூடு உள்ளேயே அடைந்து கெடுக்கும். மலை ஏறினால், 1500 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் டீசல் மிகுந்து கரி இன்னும் வேகமாகச் சேரும். உங்கள் கட்டுப்பாட்டுத் திரையில் பம்பின் துடிப்பைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதிரிப் பெயரை எழுதுங்கள், எவ்வளவு குறைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.