சர்ச் கன்சோலை ஏஐ உதவியாளரோடு இணைத்தவர்கள்: பார்த்ததும் பட்டதும்

மாசிவீதி:
சுங்குடிக் கடை, லாட்ஜ், பூ வியாபாரம் என்று மதுரைப் பக்கத்துச் சிறு இணையதளங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இங்கே அதிகம். கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலை, கிளாட் டெஸ்க்டாப் போன்ற ஏஐ உதவியாளரோடு எம்சிபி (உதவியாளரை வெளிக் கருவிகளோடு சேர்க்கும் பொது நெறிமுறை) வழியாக இணைக்கும்போது வேலை எங்கெங்கே நின்றுபோகிறது என்பதை முதலில் வைக்கிறேன்.

கூகுள் கிளவுடில் புராஜெக்ட் தொடங்கி, சர்ச் கன்சோல் ஏபிஐ-யை (மென்பொருள்கள் தரவை நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி) எனேபிள் செய்து, சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்குப் பதில் மென்பொருள் பயன்படுத்தும் கணக்கு) உருவாக்கி, அதன் ஜேசன் கீயை, அதாவது சாவிக் கோப்பை, இறக்கிக்கொள்ள வேண்டும். இத்தோடு முடிந்தது என்று விட்டுவிட்டால் 'அனுமதி இல்லை' என்னும் 403 பிழைதான் வரும். அந்த அக்கவுண்டுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. சர்ச் கன்சோல் செட்டிங்ஸில் பயனர்கள் பகுதிக்குப் போய் அதையும் ஒரு பயனராகச் சேர்க்க வேண்டும். தரவைப் படிப்பதற்கு ரெஸ்ட்ரிக்டட் அனுமதி போதும். ஓனர் அனுமதி கொடுக்கவே கூடாது.

சேர்த்த பிறகும் 403 வந்தால், தளத்தின் பெயரைப் பாருங்கள். டொமைன் பிராப்பர்ட்டி (முழு டொமைனையும் சேர்த்துப் பதிந்தது) என்றால் பெயருக்கு முன்னால் 'எஸ்சி-டொமைன்' என்ற முன்னொட்டும் முக்காற்புள்ளியும் வர வேண்டும். யூஆர்எல் வகை (குறிப்பிட்ட முகவரியில் தொடங்கும் பக்கங்களை மட்டும் பதிந்தது) என்றால் எச்டிடிபிஎஸ் தொடங்கி கடைசிச் சாய்கோடு வரை ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. விண்டோஸ்காரர்கள் உதவியாளர் செயலியின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கீ இருக்கும் இடத்தை எழுதும்போது பின்சாய்கோடுகளை இரண்டிரண்டாகப் போடுங்கள். பிறகு செயலியை முழுதாக மூடித் திறங்கள்.

திருமங்கலம் டவுன்:
அண்ணே, ஓஆத் வழியில் (சர்வீஸ் அக்கவுண்ட் இல்லாமல் சொந்த கூகுள் கணக்கால் அனுமதி தருவது) போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். புராஜெக்ட் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் அனுமதியைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். வாரத்துக்கு ஒருதரம் இணைப்பு அறுகிறது என்று கேட்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள். கீ கோப்பை சாட்டில் ஒட்டாதீர்கள், கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள்.

வைகைக்கரை:
இணைப்பு ஒருநாள் வேலை. அதற்குப் பிறகு வருகிற கணக்கில்தான் எனக்குக் கவலை.

மொத்தக் கிளிக் எத்தனை என்று கேட்டால், உதவியாளர் பல சமயம் தேடல்சொல் வாரியாகப் பட்டியல் எடுத்து அதைக் கூட்டிச் சொல்லிவிடும். மிகச் சிலரே தேடிய சொற்களை, அந்தரங்கம் கருதி, கூகுள் அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. ஊர்ப்பெயரோடு சிதறலாகத் தேடப்படும் சிறு தளங்களில் இப்படி மறையும் பங்கு பெரிது. எனவே மொத்தம் வேண்டுமானால் எந்த டைமென்ஷனும் (சொல், பக்கம், நாள் போன்ற பிரிப்பு) இல்லாமல் தனியாக ஒரு அழைப்பு விடச் சொல்லுங்கள். வரிசை எண்ணிக்கையும் கவனம்: எதுவும் சொல்லாவிட்டால் ஏபிஐ 1,000 வரிசைதான் தரும். ஓர் அழைப்புக்கு உச்சம் 25,000. மீதியைத் தொடக்க வரிசை எண்ணை மாற்றி மாற்றி வாங்க வேண்டும்.

தேடல் முடிவுகளில் தளம் நிற்கும் சராசரி இடம் அடுத்த பள்ளம். ஒரு சொல் 1,000 இம்ப்ரெஷனில் (தேடல் முடிவில் தெரிந்த தடவை) 2-ஆம் இடம், இன்னொன்று 10 இம்ப்ரெஷனில் 40-ஆம் இடம் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 21. இம்ப்ரெஷனால் எடைபோட்டால் ஏறக்குறைய 2.4. முதல் எண்ணை நம்பி நல்ல பக்கத்தைத் திருத்தப் போனால் இருப்பதும் கெடும். சிடிஆரும் (தெரிந்த தடவைகளில் கிளிக் ஆன விகிதம்) அப்படியே: மொத்தக் கிளிக்கை மொத்த இம்ப்ரெஷனால் வகுக்க வேண்டும், சதவீதங்களைச் சராசரி போடக் கூடாது.

நம்மூருக்கே உரியது சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டால் லாட்ஜ் தளம் சரிந்தது போலத் தெரியும்; உதவியாளரும் அதற்கு ஏற்றபடி காரணம் அடுக்கும். திருவிழாத் தேதிகளைக் கையில் கொடுத்து, அந்த நாளுக்கு முன் 15, பின் 5 என்று ஒப்பிடச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல், நாள்வாரித் தரவு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. அங்கே கோடை நேரம் நடக்கும்போது நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மே 12 விடியற்காலை இங்கே நடந்த தேடல் மே 11 கணக்கில்தான் விழும். உச்சம் ஒருநாள் முந்தி நிற்பது பிழையல்ல.

சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவுதான் இருக்கும். மூன்று சித்திரையை அருகருகே வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு மொத்த ஏற்றுமதியை இப்போதே தொடங்குங்கள். பழைய தரவை அது கொண்டுவராது. அங்கே இடம் 0-இல் தொடங்குவதால், இடத்தின் கூட்டுத்தொகையை இம்ப்ரெஷனால் வகுத்து 1 கூட்ட வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் ஓர் இடம் மேலே தெரியும்.

மேலூர் ரோடு:
தமிழ் முகவரி வைத்த தளங்களுக்கு. பக்க முகவரி சதவீதக் குறியீடாக (% குறியும் ஆங்கில எழுத்து, எண்களுமாக) வந்தால், புள்ளி, விசிறி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 9 எழுத்து. 'மல்லி' ஒன்றே 45 எழுத்தாகிவிடும். சில நூறு வரிசையிலேயே உதவியாளரின் கொள்ளளவு நிரம்பி, பாதியை விட்டுவிட்டுப் பதில் சொல்லும். தமிழாக மாற்றிய பிறகே அதனிடம் போகும்படி செய்யுங்கள்.

சுங்குடியை ஆங்கில எழுத்தில் நடுவில் 'யு' போட்டும் 'ஏ' போட்டும் தேடுகிறார்கள், தமிழிலும் தேடுகிறார்கள். இந்த வடிவங்களைப் பட்டியலாகக் கொடுத்து ஒரே குழுவாக எண்ணச் சொன்னால்தான் சொல்லின் உண்மையான எடை தெரியும். நாட்டு வடிகட்டிக்கு மூன்றெழுத்துக் குறியீடு வேண்டும். உதவியாளர் இரண்டெழுத்து போட்டால் திருத்துங்கள்.

திருமங்கலம் டவுன்:
வைகைக்கரை சார், 2025 செப்டம்பரிலிருந்து இம்ப்ரெஷன் விழுந்து, சராசரி இடம் மட்டும் முன்னேறியிருக்கிறதே? உதவியாளர் 'எஸ்இஓ வேலை (தேடலில் தளத்தை முன்னேற்றும் வேலை) பலித்தது' என்கிறது.

வைகைக்கரை:
அந்த மாதம் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்கும் வசதியை கூகுள் நிறுத்தியது. அதை ஒட்டிப் பல தளங்களில் இதே மாற்றம், குறிப்பாக டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப், மொபைல் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கிளிக் அப்படியே இருந்தால் வாடிக்கையாளரிடம் வளர்ச்சி என்று அறிக்கை கொடுக்க வேண்டாம். கடைசி 2, 3 நாள் எண்களும் இன்னும் மாறக்கூடியவை. அவற்றை அறிக்கையிலிருந்து வெட்டிவிடுங்கள்.